பல்லக்காவின் மலிவு பேஸ் கிட்டார்

மலிவான பேஸ் கிட்டார் வாங்கலாமா, வாங்கினால் உருப்படுமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் அதைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். பல்லக்கா யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டாள். வீட்டில் முதல் குற்றமாகப் பதிவானது அதுதான்.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பல் செட் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள். அவள் மெழுகு வைத்து, பல் அடுக்கி, வார்த்து, ராவி, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவாள். முகத்தில் கவசம், கண்ணில் கண்ணாடி, எதிரே சுவர். அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சிரிக்கிறவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. செட் நன்றாக அமைந்துவிட்டால் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அமையாவிட்டால் மட்டும், எங்கே வலிக்கிறது என்று எழுதிய சீட்டோடு அது திரும்பி வரும்.

இப்படிப்பட்டவளுக்கு நாற்பத்துமூன்று வயதில் பேஸ் கிட்டார் ஆசை வந்தது. ஒரு கல்யாண வரவேற்பில், உட்கார வேறு இடம் கிடைக்காமல், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காரப் போய் வந்த வினை. எல்லாரும் பாட்டைக் கேட்டார்கள். இவளுக்கு மட்டும் பாட்டுக்கு அடியில் ஓடிய பேஸின் கனத்த நாதம் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. இதுவும் நம் வேலை மாதிரிதான், சரியாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று அன்றைக்கே நினைத்தாள்.

பெட்டி வந்த அன்று, பள்ளிக்கூட வேன் ஓட்டும் வீட்டுக்காரர் கிட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஏம்மா, நாலு தந்திதானே இருக்கு? மீதி ரெண்டைக் கடைக்காரன் எடுத்து வெச்சுக்கிட்டானா? அதான் விலை கம்மியா?”

“பேஸுக்கு நாலுதாங்க.”

“நீ மலிவுன்னு எழுதியிருந்தா ஓட்டைக் குடையைக்கூட வாங்கிட்டு வருவே” என்றார். அவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. அப்படி ஒரு குடை வீட்டில் இருந்தது.

எட்டு மாதம் விடாமல் பழகினாள். விரல் கொப்புளித்தது, காய்த்தது, கடைசியில் சொன்ன பேச்சைக் கேட்டது. தெருமுனை எலக்ட்ரீஷியன் ஒரு சின்ன இசைக்குழு நடத்திக்கொண்டிருந்தான். தொழிலை வைத்து அவனுக்கு ஷாக் என்று பெயர். அவன் கிட்டார், ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் டிரம்ஸ், ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் பாட்டு. பேஸுக்கு ஆள் இல்லாததால் இவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு ஷாக்கின் கடைக்குப் பின்னால், ஒயர் சுருள்களுக்கு நடுவே ஒத்திகை. அங்கே ஒரு பாட்டு பேஸோடுதான் ஆரம்பிக்கும். மற்ற மூவரும் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவள் தலையை அசைத்தால்தான் பாட்டு. சுவரைப் பார்த்தே வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு நொடி எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்துக்காக அவள் எதையும் விடத் தயாராக இருந்தாள்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். தடித்த தந்தியை ஆறாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால், நாதத்தோடு ‘ஙொர்ர்’ என்று ஓர் இரைச்சலும் சேர்ந்து வந்தது, போத்தலுக்குள் மாட்டிய வண்டு மாதிரி. முதலில் லேசாகத்தான் இருந்தது. வாரம் போகப் போகக் கூடியது. அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் இருப்பது நாலே நாலு சுரம். மூன்றாவது சுரம், கீழிருந்து வழுக்கிக்கொண்டு வந்து சரியாக அந்த ஆறாவதில்தான் நிற்க வேண்டும். வேறு தந்தியில் வாசித்துப் பார்த்தாள். வழுக்கல் போனதும் பாட்டின் உயிரும் போய்விட்டது.

இசைக்கருவி ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் உறையைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. “இதுக்குப் போய் மெனக்கெடுவாங்களா? தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்குங்கம்மா” என்று அனுப்பிவிட்டார். நோயாளியின் வாயைப் பார்க்காமலே பல்லைப் பிடுங்கச் சொல்லும் டாக்டரை அவளுக்குத் தெரியும். அதே ஜாதி.

ஷாக் பொறுத்துப் பார்த்தான். ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர்களின் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்க அழைப்பு வந்ததும் அவன் பொறுமை தீர்ந்தது.

“பல்லக்கா, உங்க கையில குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்த இரைச்சல் ஸ்பீக்கர்ல பத்து மடங்காக் கேக்கும். என் மச்சான் நல்ல பேஸ் வெச்சிருக்கான். அன்னைக்கு வரச் சொல்லியிருக்கேன். முதல் பாட்டு நீங்க ஆரம்பிக்கிற அதே பாட்டுதான், நீங்களே வாசிங்க. சுத்தமா வந்துச்சுன்னா பேச்சே இல்ல. இரைஞ்சுதுன்னா, ரெண்டாவது பாட்டுல இருந்து அவன் ஏறிடுவான். அப்புறம் அவனே இருந்துக்கட்டும்.”

அதாவது அன்றோடு கணக்குத் தீர்ந்துவிடும். அவள் “சரி தம்பி” என்றாள்.

கூட்டம் பிற்பகலில். பெரிய கூடம், குளிரூட்டி போட்டிருந்தார்கள். சவுண்ட் செக்கில் அந்தச் சுரத்தை மீட்டினாள். போத்தல் வண்டு கூடம் முழுக்கப் பறந்தது. ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். மேடைக்குக் கீழே, ஷாக்கின் மச்சான் பளபளவென்று ஒரு பேஸைத் தோளில் மாட்டி நின்றான். நல்ல பிள்ளைதான். அவளைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு இரைச்சலைவிட மோசமாக இருந்தது.

ஷாக் வாட்ச்சைப் பார்த்தான். “இருபது நிமிஷம் இருக்கு, அக்கா. ஆறாவது ஃப்ரெட்டை ராவிப் பாருங்களேன். உங்ககிட்ட அரம் இருக்கும்ல?”

அரம் இருந்தது. லேப் பெட்டியை அப்படியே கொண்டு வந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகள், மூலையில் தரை துடைக்கும் கட்டை, ஒரே ஒரு டியூப் லைட். கிட்டாரை மடியில் கிடத்தினாள். தடித்த தந்தியைத் தளர்த்தி ஒதுக்கினாள். விரல் வைக்கும் இடத்தில்தானே சத்தம் வருகிறது? ஆறாவது ஃப்ரெட்டின் மேல் அரத்தை வைத்து மெல்ல இரண்டு இழுப்பு இழுத்தாள். தந்தியை முறுக்கி மீட்டிப் பார்த்தாள்.

இரைச்சல் குறையவில்லை. கூடியிருந்தது.

மெழுகு என்றால் மறுபடி வைக்கலாம். ராவிய உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. அரத்தைக் கீழே வைத்தாள். வெளியே யாரோ மைக்கில் வரவேற்புரை ஆரம்பித்துவிட்டார்கள்.

“அடி மடச்சி” என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் எத்தனை சீட்டு பார்த்திருக்கிறாள். கீழே வலது பக்கம் வலிக்கிறது என்று எழுதி வரும். வலிக்கிற இடத்தை ராவுகிறவன் கற்றுக்குட்டி. அச்சில் பொருத்தி மைத்தாளைக் கடிக்க வைத்து, மை எங்கே படிகிறது என்று பார்த்தால், உயரமாக நிற்பது இடது பக்கத்துப் பல்லாக இருக்கும். அது முதலில் இடித்துச் செட்டைச் சாய்க்கும். சாய்ந்தது போய் இந்தப் பக்கம் குத்தும். வலிக்கிற இடம் ஒன்று, காரணம் வேறொன்று. இதை லேப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் தொண்டை வறளச் சொன்னவள் இவள்தான். தன் பொருள் என்று வந்ததும் ஷாக் கைகாட்டிய இடத்தில் அரத்தை வைத்துவிட்டாள்.

தந்தியை மறுபடி தளர்த்தி ஒதுக்கிவிட்டு, பெட்டியிலிருந்த குட்டி இரும்பு அளவுகோலை எடுத்து ஆறு, ஏழு, எட்டு மூன்று ஃப்ரெட்டின் மேலும் படுக்க வைத்தாள். டக், டக் என்று ஆடியது. ஏழாவதுதான் தூக்கி நின்றது. ஆறாவதில் அழுத்தும்போது, அதிரும் தந்தி அடுத்து நிற்கும் ஏழாவதில் இடித்துக்கொண்டிருக்கிறது. ஆறாவதை ராவினால் தந்தி இன்னும் தாழ்ந்து, இன்னும் நன்றாகத்தான் இடிக்கும்.

பத்து நிமிடம் இருந்தது. அரத்தை ஏழாவதின் மேல் வைத்தாள். வைத்த கையை அப்படியே நிறுத்தினாள். ஒரு தப்புக்கு அழுதது போதும், கடித்துப் பார்த்துவிட்டே ராவுவோம் என்று தோன்றியது. கடிப்புப் பார்க்கும் நீல மைத்தாளில் ஒரு கீற்று கிழித்து, ஃப்ரெட்டின் விளிம்பு ஓரமாக ஓட்டினாள். தடித்த தந்தி இருக்கும் பக்கத்து முனைக்கு வந்ததும் தாள் சர்ரென்று உள்ளே போனது. ஃப்ரெட்டுக்கும் மரத்துக்கும் நடுவே போனது!

உயரமாகச் செய்த ஃப்ரெட் இல்லை. அவசரத்தில் அடித்துப் பதித்ததில், மரம் காய்ந்ததும் முனை மட்டும் மயிரிழை மேலே எழுந்திருக்கிறது. இந்தக் கூடத்துக் குளிரில் இன்னும் கொஞ்சம் எழுந்திருக்கும். மலிவான கிட்டாரில் மிச்சம் பிடித்தது மரத்திலோ இரும்பிலோ இல்லை, கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஆளில்தான். அந்த ஆளை வைக்காமல் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஆத்திரமாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

அச்சு ஒட்டுவதற்கு வைத்திருக்கும் பசை, தண்ணீர் மாதிரி ஓடும், நிமிடத்தில் பிடிக்கும். ஊசி முனையால் ஒரு சொட்டு விட்டாள். இடுக்கு அதைக் குடித்தது. வலது கட்டைவிரலை ஃப்ரெட்டின் முனையில் வைத்து முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். அறுபதைத் தாண்டும்போது கதவு தட்டப்பட்டது.

“அக்கா, கூப்பிடறாங்க” என்று ஷாக் எட்டிப் பார்த்தான். “என்ன பண்றீங்க?”

“அழுத்திட்டு இருக்கேன்.”

“விடுங்க, போலாம்.”

விட்டாள். விரல் வரவில்லை. பசை பக்கவாட்டில் கசிந்து கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்திருந்தது. இழுத்துப் பார்த்தாள். கிட்டாரும் கூடவே வந்தது.

“ஒட்டிக்கிச்சு” என்றாள்.

“என்னது?”

“நான்தான். இதோட ஒட்டிக்கிட்டேன்.”

மேடையில் குழுவின் பெயரை அறிவித்துவிட்டார்கள், கைதட்டல் கேட்டது. பல்லக்கா கண்ணை மூடினாள், பல்லைக் கடித்தாள், சொந்தப் பல்லைத்தான், ஒரே இழுப்பாக இழுத்தாள். சின்னத் தோல் துண்டு ஃப்ரெட்டோடு நின்றுவிட்டது. ரத்தம் துளிர்த்தது. ஊசியால் அந்தத் தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, கட்டைவிரலைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். நடந்துகொண்டே தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்தாள். அந்தச் சுரத்தை மட்டும் மீட்டிப் பார்க்க நேரமில்லை.

மேடையில் விளக்கு. முன் வரிசை முழுக்க வயதானவர்கள். மூன்றாவதாக உட்கார்ந்திருந்த மனிதர் பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். மேல் செட் அவள் செய்தது. முன்பல் ஒன்றை வேண்டுமென்றே சற்றே கோணலாக வைக்கச் சொல்லிச் சீட்டு வந்திருந்தது, மறக்குமா? மேடை ஓரத்தில் ஷாக்கின் மச்சான் தயாராக நின்றான். அதற்கும் பின்னால், வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு வீட்டுக்காரர். வருவேன் என்று அவர் சொல்லவே இல்லை.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். தலையை அசைத்தாள்.

முதல் சுரம். இரண்டாவது. விரல் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆறாவதில் வந்து நின்றது.

சுத்தம். வண்டு இல்லை, ஒன்றும் இல்லை. கனத்த, உருண்டையான நாதம் கூடத்துத் தரையோடு பரவியது. நாலாவது சுரத்தோடு டிரம்ஸ் சேர்ந்தது, டீச்சர் பாட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பேஸை யாரும் கவனிக்கவில்லை. முன் வரிசைக்காரர் தொடையில் தாளம் போட்டார், எதற்குப் போடுகிறோம் என்று அவருக்கே தெரியாது.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்தபோது, பக்கத்தில் ஒரு ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. ஷாக்கின் மச்சான் தன் பேஸை உறைக்குள் வைத்து மூடிவிட்டு, வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி பிடித்து உட்கார்ந்துகொண்டிருந்தான். அவர் அவனிடம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது: “கிட்டார் மலிவுதாம்ப்பா. அதுகூட வந்த ஆளு கடையில கிடைக்காது.” வீட்டில் ஒரு நாளாவது இதை நேராகச் சொல்லியிருக்கலாம், மனிதர்.

ஷாக் தன் கிட்டாரைச் சரி செய்கிற சாக்கில் பக்கத்தில் வந்தான். முகத்தைப் பார்க்காமல், “ஞாயித்துக்கிழமை மூணு மணி, அக்கா. எப்பவும் போல” என்றான்.

அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போய், கட்டைவிரல் ரத்தம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஷாக் தன் இடத்துக்குப் போனான். அடுத்த பாட்டை அவன்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்காமல் அவள் பக்கம் திரும்பி நின்றான். டிரம்ஸும் டீச்சரும் திரும்பினார்கள். அவள் முகத்தைத் துடைத்து முடித்துத் தலையை அசைக்கும்வரை, அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.