அக்கரைப்பற்றிலிருந்து வந்த நரி

நான் குர்ஆன் ஓதி முடித்த அன்று மாமா எனக்கு ஒரு கிடாரிக் கன்று தந்தார். பெயர்தான் எனக்கு, கன்று நின்றதென்னவோ கல்முனைக்கு மேற்கே, வயல்களையும் தாண்டி, மேய்ச்சல் தரையில் இருந்த மாமாவின் மாட்டுப்பட்டியில். அந்த வருடம் அங்கே மூன்று கன்றுகள் கடிபட்டுச் செத்தன. நரி என்றார் மாமா. நான்காவது என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமாவிடம் உரிமம் பெற்ற துவக்கு ஒன்று இருந்தது. இருட்டில் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த நேரம் பார்த்து, கத்தாரிலிருந்து வந்த அவரது கூட்டாளி ஒரு ஸ்கோப்பைக் கொடுத்தார். உடம்புச் சூட்டைக் காட்டும் கண்ணாடியாம். மாமா அதைப் பழைய சைக்கிள் டியூபால் துவக்கின் மேல் இறுக்கிக் கட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை.

கன்றுக்குச் சொந்தக்காரி நான், நானும் வருவேன் என்று அடம்பிடித்ததில் வாப்பா தன் சின்ன லொறியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். பட்டிக்குப் பக்கத்துக் காவல் குடிசையில், வாடியில், படுத்தபடி, துவக்கில் தோட்டா போடுவதற்கு முன், மாமா எனக்கும் ஒரு முறை பார்க்கத் தந்தார்.

அப்படியொரு காட்சியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. கும்மிருட்டில் மாடுகளெல்லாம் உள்ளே விளக்கு வைத்ததுபோல் வெள்ளையாக நின்றன. ஒரு பசு எழுந்து நடந்தது. அது படுத்திருந்த இடம் புல்லில் இன்னும் வெளிச்சமாகவே கிடந்தது. வாப்பா வாடிக் கம்பத்திலிருந்து கையை எடுத்தார். ஐந்து விரலும் கம்பத்திலேயே இருந்தன. சுப்ஹானல்லாஹ் என்று சத்தமாகச் சொல்லி மாமாவிடம் ஏச்சு வாங்கினேன்.

பக்கத்துப் பற்றைப் புதரிலிருந்து மூன்று உருவங்கள் வெளியே வந்தபோதும் கண்ணாடி என்னிடம்தான் இருந்தது. அவை தலையைத் தாழ்த்திக்கொண்டு பட்டியைப் பார்த்து நடந்தன. மாமா துவக்கை வாங்கித் தோட்டாவைப் போட்டார். ஆனால் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். முன்னால் வந்தது மூன்று காலில் வந்தது.

"மாமா, சுடாதீங்க. அது நரியில்ல. அது நம்மட நொண்டிச்சி."

நொண்டிச்சி எங்கள் வீட்டு ஒழுங்கையில் திரிந்த நாய். மோட்டார் சைக்கிள் ஏறியதிலிருந்து அதன் ஒரு பின்னங்கால் தரையில் படாது. எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும் என்று உம்மா அதை வாசலுக்கே விடமாட்டார். நான் மதிலுக்கு மேலால் மீன் தலை எறிவேன். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒழுங்கையில் நாய்த் தொல்லை என்று எல்லாரும் சொல்ல, வாப்பா அதையும் இன்னும் சிலதையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் அழுதபோது, அக்கரைப்பற்றில் ஒரு ஹோட்டலுக்குப் பின்னால் விட்டதாகவும், அங்கே எலும்புக்குக் குறைவே இல்லை என்றும் சொன்னார்.

மாமா துவக்கைத் தாழ்த்தினார். வாப்பா பக்கம் திரும்பினார்.

"மச்சான், எத்தின தரம் இஞ்ச கொண்டந்து விட்டீங்க?"

வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நாலு தரம் இருக்கும்" என்றார்.

மாமா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார். மூன்றும் ஓடி மறைந்தன. என் கன்று பிழைத்தது. எதை நாலு தரம் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. என் மனதில் வேறொன்று நிறைந்திருந்தது.

அடுத்த நாளிலிருந்து வாப்பா லொறியை நிறுத்திவிட்டு, பட்டியைச் சுற்றிக் கட்டை நட்டு முள்ளுக்கம்பி அடித்தார். இரண்டு கிழமை வீட்டுக்கு வராமல் அங்கேயே படுத்தார். வாப்பாவுக்கும் மாட்டில் ஆசை வந்துவிட்டதென்று நான் சந்தோஷப்பட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். வாப்பா வேலி முடித்து வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் உம்மாவிடமும் சொன்னேன்: நொண்டிச்சி அக்கரைப்பற்றிலிருந்து அவ்வளவு தூரமும் மூன்று காலில் என்னைத் தேடி நடந்து வந்திருக்கிறது, என் கன்று எதுவென்றும் அதற்குத் தெரிந்திருக்கிறது. வாப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

உம்மா கறியில் உறைப்பைக் கூட்டிவிட்டார் என்று நினைத்தேன்.