வெயிலில் இளகிய தேன்

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: "இந்த முறை தேன் தண்ணீராக இருக்கிறது, ஏதோ கலந்திருக்கிறார்கள்." பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒன்பது வீட்டுக்காரர்கள் தேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தேன் கொண்டுவருபவர் திற்பரப்புப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தேனீப்பெட்டி வைத்திருக்கும் பெண். நாகர்கோவிலில் அவருக்கு வாடிக்கையாக இருந்தது எங்கள் தெரு மட்டும்தான். மறுநாள் காலையில் பஸ் பிடித்து நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சாரே, எனக்க தேனில ஒரு சொட்டுத் தண்ணி சேக்கல்ல. இப்பிடி எழுதிப் போட்டுட்டியளே!"

போன மாதம் வாங்கியதில் மிச்சமிருந்த குப்பியையும் புதிய குப்பியையும் அலமாரியிலிருந்து எடுத்து, இரண்டிலும் கரண்டியை முக்கித் தூக்கினேன். இரண்டுமே ஒரே நிதானத்தில் நூலாக இறங்கின. நேற்று மத்தியானம் புதியது கடகடவென்று ஓடியதைக் கண்ணால் பார்த்திருந்தேன்.

பள்ளியில் வேதியியல் நடத்தும் என் மனைவி கேட்டாள்: "நேத்து அது எங்க இருந்துச்சு?"

வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவரிடம் வாங்கி, காரில் வைத்துவிட்டு, கோட்டாறு கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் சுற்றியதைச் சொன்னேன். கார் வெயிலில் நின்றது.

"விசாரிச்சு எழுதுக ஆளாக்கும்!" என்று சிரித்தாள். பிறகு விளக்கினாள். நெரிசலான பஸ்ஸில் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியானால்தான் நகர முடியும். மூலக்கூறுகளும் அப்படித்தான். சூடேறினால் திரவம் கொஞ்சம் விரியும். குப்பியில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே காலியிடம் முதலிலேயே மிகக் குறைவு என்பதால், அந்தக் கொஞ்சமே அதற்குப் பெரிது. மூலக்கூறுகளின் துள்ளலும் கூடும். பாகுத்தன்மை சட்டென்று இறங்கி, தேன் தண்ணீர் போல ஓடும்.

ஆள், இடம், நேரம் என்று சரிபார்த்தே பழகியவன், சூட்டை விட்டுவிட்டேன்.

குழுவில் திருத்தம் போடுவதாகச் சொன்னேன்.

"அத யாரு வாசிப்பா? வீடு வீடாட்டு எனக்ககூட வாரும்" என்றார் அந்தப் பெண்.

பழையதும் புதியதுமாக ஆளுக்கொரு குப்பியோடு இறங்கினோம். ஒவ்வொரு வாசலிலும் என் தவற்றை நான் சொல்ல, அவர் இரண்டு குப்பித் தேனையும் ஊற்றிக் காட்டினார். எட்டு வீடுகளில் ஐந்து வீட்டார் மறுபடி தேன் வாங்கச் சம்மதித்தார்கள். ஒன்பதாவது வீட்டுக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குப்பிகள் கையில் சுட்டன. ஊற்றியதும் தேன் ஓடியது.

அந்த வீட்டம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டும் தண்ணி கணக்கால்லா இருக்கு?"

வெயில் சூட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கா அக்கா?" என்றார் தேன்காரப் பெண்.

"ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"அதத்தான் சாரு சொல்ல வந்தாரு. ஒரு குப்பி தரட்டா?"

வீட்டம்மா யோசித்து, அரைக் குப்பிக்குச் சம்மதித்தார்.