பாதிப் புண்ணுக்கு மருந்து

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் அப்போது எனக்குக் குமாஸ்தா வேலை. கரையோரப் பாறையில் வழுக்கி விழுந்து இடது கெண்டைக்கால் கிழிந்துபோனது. அந்தத் தீவின் அடைமழையில் துவைத்த துணியே காயாது, புண் எங்கே காயும்? வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தது. ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா இல்லை, தாரைவார்த்துக் கொடுக்க நான்தான் போக வேண்டும். ஊர்ப்பக்கம் போகும் மெயின்லேண்ட் கப்பலோ எப்போதாவது வருவது. "புண் மூடாம கப்பல் ஏறக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாங்கள் குடியிருந்த டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் அடுத்த வீட்டில் மெட்ராஸிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் குடியிருந்தார். தீவுக் காட்டு இலைகளின் சாற்றுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்காகக் கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்த்தார். என் மனைவிக்கு அது பிடிக்கவே இல்லை.

"நாம கிருமி வரக்கூடாதுன்னு ஃபினாயில் ஊத்தறோம். இவருக்கு அதை வளர்க்க சர்க்கார் சம்பளமா?" என்பாள்.

என் காலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. என் கஷ்டத்தைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முயல்களின் புண்ணை நன்றாக ஆற்றிய சாறு ஒன்று அவரிடம் இருந்தது. புண்ணின் இரு ஓரத்திலும் பேனாவால் புள்ளி வைத்து, மேல்பாதிக்குச் சாறு, கீழ்ப்பாதிக்கு வெறும் வெந்நீர் என்று பாகம் பிரித்தார்.

"ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் சார் மருந்தோட குணம் தெரியும்."

"அப்போ கீழ்ப்பாதி?"

"அது விஞ்ஞானத்துக்கு."

சீசாவை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் அவள்தான் கட்டு மாற்றினாள். சாறு பட்டால் உயிர் போகும். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்பேன். எரிச்சலுக்கு மேல்பாதி, கீழ்ப்பாதி தெரியுமா? கால் முழுக்க எரிந்தது.

கப்பல் வந்த அன்று டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "தாராளமா போய்ட்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஆராய்ச்சியாளர் அளவுகோலோடு வந்தார். மேலே அளந்தார், கீழே அளந்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு பாதியும் ஒன்றுபோல ஆறியிருந்தன.

"வெந்நீருக்கே ஆறியிருக்கு. என் சாறு வேஸ்ட் சார்." எனக்குப் பாவமாக இருந்தது.

மனைவி டீயோடு வந்தாள்.

"எந்த வெந்நீர்? நான் ரெண்டு பக்கமும் உங்க மருந்தைத்தான் போட்டேன். ஒரு பாதிக்கு தவாய், இன்னொரு பாதிக்கு வெறும் பானியா? அது என்ன மூத்தாள் பிள்ளையா? இவரு தங்கச்சி கல்யாணத்துக்குப் போக வேணாமா?"

ஆராய்ச்சியாளர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் மறுபடியும் மெல்ல மலர்ந்தது. சாற்றின் மேல் அவருக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது. நிரூபிக்கத்தான் இன்னொரு புண் வேண்டும். அவர் பார்வை மெதுவாக இறங்கி, என் வலது காலில் வந்து நின்றது.

கப்பல் கிளம்புவது மறுநாள்தான். நான் அன்றே போய் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.