செல்வசிங் சுட்ட கறி

செல்வசிங்குக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்பதை வளைகுடாவில், கராமாவில் எங்கள் ஃபிளாட்டில் யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. இரண்டு குடும்பம், ஒரே சமையலறை. ஆறு வருஷத்தில் அவர் அதற்குள் வந்ததெல்லாம் தண்ணீர் பாட்டில் எடுக்கத்தான். அவர் மனைவி தங்கபுஷ்பம் அம்மை போட்டுப் பதினைந்து நாள் படுத்துக் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது நான். அந்த மனுஷன் ஓட்டல் பரோட்டா வாங்கி வந்து மகளும் தானுமாகத் தின்றுவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராது விஜி" என்று சிரிப்பார். பாவம் என்று நானும் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தங்கபுஷ்பம் நாகர்கோவில் பக்கம். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது வருஷமாக நர்ஸ். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது, அப்படிக் கை. 2007இல் அவளை வார்டு இன்சார்ஜ் ஆக்குவதாக மேட்ரன் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் ராத்திரி டியூட்டி இருக்கும். அவளிடம் வேலை கற்றவர்களெல்லாம் இன்சார்ஜ் ஆகிவிட்டார்கள். இரண்டு தடவை வந்ததை இவளே வேண்டாம் என்றிருந்தாள். "பிள்ளைக்கு யாரு பொங்கிப் போடுவா?" என்று செல்வசிங் கேட்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தத் தடவை சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இனிமேல் கேட்கவே மாட்டேன் என்று மேட்ரன் கறாராகச் சொல்லிவிட்டார்.

செல்வசிங் வெல்டர். கம்பெனி அவரை எட்டு மாதம் வியட்நாமுக்குக் கப்பல் கட்டும் யார்டு வேலைக்கு அனுப்பியிருந்தது. திரும்பி வந்து ஒரு மாதமாக எதை வைத்தாலும் குறை. அங்கே தின்ற சுட்ட பன்றிக்கறியும் அரிசி நூடுல்ஸும்தான் சாப்பாடாம். சரி, அதையே செய்து போட்டு, வயிறு நிறைந்த நேரம் பார்த்து இன்சார்ஜ் பேச்சை எடுக்கலாம் என்று இவள் நினைத்தாள். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் செய்முறையைத் தேடி அச்செடுத்தாள். சூப்பர்மார்க்கெட்டில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று இருக்கும் தனி அறையில் கறி வாங்கினாள். மீன் சாஸ் பிலிப்பைன்ஸ்காரர் கடையில் கிடைத்தது. நூடுல்ஸ் மட்டும் வாங்கவில்லை. அரிசிமாவு நூல்தானே, நமக்குத் தெரியாததா என்று இடியாப்பம் பிழிந்து அவித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கும்பகோணத்துக்காரி நான், கோழியைத் தாண்டிப் போனதில்லை. இருந்தும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன். செல்வசிங் வந்து எட்டிப் பார்த்தார். அவள் மீன் சாஸில் கலக்கி வைத்திருந்த சாற்றை இடியாப்பத்தில் ஊற்றினார். அது உடனே கூழாகிவிட்டது.

"என்னட்டி இது? சவத்தத் தூரப் போடு. கறிய இப்பிடியா துண்டு துண்டா வெட்டுவாவ? தள்ளு."

கத்தியைப் பிடுங்கினார். பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்திராவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன். கறியை நாருக்குக் குறுக்கே காகிதம்போலச் சீவினார். பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் பொடிப்பொடியாக நறுக்கினார், கையைப் பார்க்கவே இல்லை. சர்க்கரை, மீன் சாஸ், மிளகு போட்டுப் பிசைந்து ஊறவைத்தார். என் அலமாரியில் கிடந்த அரிசி சேவை பாக்கெட்டை எடுத்து வேகவைத்துப் பச்சைத் தண்ணீரில் அலசி வடித்தார். சப்பாத்தி வாட்டும் கம்பிவலையை அடுப்பில் வைத்து, ஒரே திருப்பில் தீயை அளவாகக் குறைத்து, கறியைப் பரப்பினார்.

"இத எங்க படிச்சிய?" தங்கபுஷ்பம் மெதுவாகத்தான் கேட்டாள்.

"குவார்ட்டர்ஸ்ல ஆளுக்கு ஒரு நாள் முறை. அந்த ஊர்க்காரன் ஒருத்தன் சொல்லித் தந்தான். என் முறை வந்தா பன்னெண்டு பேரும் தட்டோட காத்துக் கெடப்பானுவ." பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

"சோறும் பொங்குவியளா?"

"பின்ன! சோறு, கொழம்பு, மீன் பொரிப்பு, எல்லாந்தான்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

"அங்க ஒருத்தி இருந்தான்னு சொல்லியிருந்தாக்கூட அழுதுட்டுப் பொறுத்திருப்பேன். பன்னெண்டு தடியனுவளுக்குப் பொங்கிப் போட்டிருக்கிய! வந்து ஒரு மாசமாச்சி. நான் டியூட்டி முடிஞ்சி வந்த காலோட சோறு வைக்கியத பாத்துக்கிட்டுக் கட்டில்ல கெடக்கிய. ஒங்க மவளுக்கு ஒரு முட்டை பொரிச்சிக் குடுத்தியளா?"

"அது வேலைக்குப் போன எடம். இது வீடுல்லா," என்றார் அவர். அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

அவள் அங்கேயே, அவர் முன்னாலேயே மேட்ரனுக்குப் போன் போட்டாள். சம்மதம் என்றாள். ராத்திரி டியூட்டிக்கும் சம்மதம் என்றாள்.

"ஏட்டி, அப்ப சுபிஷாவுக்கு?" என்று அவர் ஆரம்பித்தார்.

"கறி கருகுது. பெரட்டுங்க."

அவர் புரட்டினார். எட்டு வயது சுபிஷா வாசலில் நின்று அப்பாவை வாய் பிளந்து பார்த்தாள். அவரே தட்டில் சேவை வைத்து, கறியும் புதினாவும் வைத்து, சாறு ஊற்றி மனைவிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். தங்கபுஷ்பம் ஒரு வாய் தின்றாள்.

"நல்லாருக்கு," என்றாள். அதுவரை கண்கூடக் கலங்காதவள், அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.