இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு எங்கள் தெருவில் பிரேக்கு அக்கா என்று பெயர். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதிலிருந்து காலை எடுக்கவே மாட்டாள். வீட்டில் கணவர் குரலை உயர்த்தினால்கூட அவள் கால் தன்னால் தரையை மிதிக்கும். அவளிடம் கற்றும் உருப்படாதவர்களில் நானும் ஒருவன்.

அக்காவின் மகள் சரியான வாயாடி. விடுமுறை நாளில் காலி மைதானத்தில் இருவருக்கும் ஒரு விளையாட்டு. மகள் டீச்சர், அம்மா மக்கு மாணவி. அம்மா வேண்டுமென்றே தரையில் போட்ட கோட்டைத் தாண்டப் போவாள். மகள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து, "லைசென்ஸ் கிடையாது, போங்க!" என்பாள்.

அந்தப் பிள்ளை திடீரென்று ஆளே மாறிப்போனாள். தூக்கமில்லை. சுவரோடு சண்டை. அம்மாவையே யாரோ என்று நினைத்துக் கடித்தாள். பிறகு பேச்சு நின்று, வாய் மட்டும் எதையோ மென்றபடி இருந்தது.

"எல்லாம் நீ குடுத்த செல்லம்," என்றார் கணவர்.

"ரெண்டு போட்டா சரியாயிடும் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"யாராவது அவ மேல கை வச்சுப் பாருங்க," என்று மகளைக் காரில் ஏற்றினாள் பிரேக்கு அக்கா.

மனநல டாக்டர் அந்த வாயசைவைப் பார்த்ததும் முதுகுத்தண்டு நீரைப் பரிசோதிக்க அனுப்பினார். முடிவு வந்தது.

"மூளையில அழற்சிம்மா. உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குது. பிடிவாதம் இல்ல, வியாதி. மருந்து இருக்கு. ஆனா பழையபடி எவ்வளவு திரும்பி வருவான்னு இப்ப சொல்ல முடியாது."

"வருவா," என்றாள் அம்மா.

வெளியே கணவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அழுறத அப்புறம் வச்சுக்கலாம். போய் அவ போர்வையை எடுத்துட்டு வாங்க," என்றாள் அக்கா.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியும் மகள் பேசவில்லை. பார்வை எங்கோ இருந்தது. அம்மா விடவில்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் மைதானம். மகளை டீச்சர் இருக்கையில் உட்காரவைத்து, நடை வேகத்தில் ஓட்டிக் கோட்டைத் தாண்டுவாள். மகள் அசையமாட்டாள்.

"விட்டுடேன்க்கா," என்றேன்.

"நீ ரிவர்ஸ் எடுக்கப் பழகுற வரைக்கும் உன்னை விட்டேனா?"

ஒரு சாயங்காலம் நான் பின்சீட்டில் இருந்தேன். கோடு நெருங்கியது. கார் குலுங்கி நின்றது. அம்மா பிரேக்கை மிதிக்கவில்லை.

"லை...சென்ஸ்..." மகள் திணறினாள். அம்மா ஸ்டியரிங்கில் முகம் புதைத்துக்கொண்டாள்.

"கிடையாது. போங்க," என்று முடித்தாள் மகள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்கும் வர்றேன், டீச்சர்."