ஃப்ரெண்டுக்கு வந்த பெட்டி

திருவிடந்தையில் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் புல் வெட்ட வருபவர் அவர். ஒல்லி உடம்பு, காதோரம் மட்டும் நரை, முழங்கால்வரை மடித்துவிட்ட பேண்ட். மெஷினைக் கிளப்புவதற்கு முன் ஒரு குச்சியால் புல்வெளி முழுக்கத் தட்டிக்கொண்டே நடப்பார். தவளைகள் தாவி ஓடிய பிறகுதான் வெட்டுவார்.

தானாகவே புல் வெட்டும் ரோபோ ஒன்றை வாங்க நினைத்தேன். இரண்டில் எது என்று குழப்பம்: ஒன்றுக்கு எல்லை காட்ட புல்வெளியைச் சுற்றி வயர் புதைக்க வேண்டும், மற்றது கேமராவால் வழி பார்த்துக்கொள்ளும். எங்கள் தோட்டத்தைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? வெட்கமில்லாமல் இரண்டின் வீடியோவையும் போட்டு அவரிடமே போனை நீட்டினேன். "ஃப்ரெண்டு ஒருத்தருக்கு," என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு வீடியோவையும் கடைசிவரை பார்த்தார். "சுத்தி வயர் பொதைக்கிறது வாணாம் சார், எலி கடிச்சிடும். கேமரா வச்சத வாங்கச் சொல்லுங்க." கொஞ்சம் யோசித்தார். "அது தவளையப் பாக்குமா? முன்னாடி தட்டிக்கினு போவ ஒரு ஆளு வோணும்னு சொல்லுங்க."

கேமரா வைத்ததையே வாங்கினேன். பெட்டி வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். கேட்டிலிருந்து உள்ளே தூக்கி வந்தவரும் அவர்தான். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"உங்க ஃப்ரெண்டுக்கு வந்ததா சார்?"

"ஆமா," என்றேன்.

மூன்று மாதமாக அதைப் பிரிக்கவில்லை. வெளிப்புற மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அதன் பக்கத்தில்தான் அவர் செருப்பை விடுவார். விடும்போதெல்லாம் கேட்பார்:

"இன்னா சார், உங்க ஃப்ரெண்டு இன்னும் வந்து எடுத்துகினு போவலியா?"

கேலி செய்கிறாரா, என் மானத்தைக் காப்பாற்றுகிறாரா, தெரியவில்லை. பதிலுக்கு அவர் நிற்பதில்லை. குச்சியை எடுத்துக்கொண்டு, தவளைகளைத் தப்பவிடப் போய்விடுகிறார்.