நூற்று இருபத்தேழில் மீதியில்லை

1234567 பகா எண்ணா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பி.எஸ்ஸி. கணக்கு, முதல் வருஷம். திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது தோன்றியது: ஒன்றிலிருந்து ஏழு வரை வரிசையாய் நிற்கிற இந்த எண்ணை எதுவும் மீதியில்லாமல் வகுக்காது என்று காட்டிவிட்டால் எவ்வளவு அழகு! அப்போதே அது பகா எண்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

1111-ஐ அதாலேயே பெருக்கினால் 1234321. 1112 போட்டால் தாண்டிவிடும். ஆகவே 1111 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். மொத்தம் நூற்று எண்பத்தாறு. நூறு வரைக்கும் போட்டு முடித்தேன். முந்நூறுக்கு மேலேயும் என் பங்கு. நடுவில் இருந்த முப்பத்தேழை அக்காவிடம் தள்ளினேன்.

அக்கா எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். அப்பாவுக்குக் கோயில் கைங்கர்யம். வீட்டில் ஆசாரம் அதிகம். மாதத்தில் மூன்று நாள் அவள் கிணற்றடித் தாழ்வாரத்தில் தனியே இருப்பாள். அவள் தொட்ட பொருளைத் தொட்டாலும் குளிக்க வேண்டும். அந்த மூன்று நாளுக்குத்தான் இந்த வேலை. "எல்லாம் சரியா வந்தா, நீ பிரைவேட்டா எஸ்.எஸ்.எல்.சி. எழுதறதுக்கு அப்பாகிட்ட நான் பேசறேன்" என்று ஆசை காட்டினேன்.

மறுநாள் காலை, நான் குளித்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பும்போது அக்கா கூப்பிட்டாள்.

"டேய், நூத்தி இருபத்தேழுல மீதியே இல்லடா. 9721 தடவை கச்சிதமா போறது."

"கழிக்கறச்சே எங்கேயோ கோட்டை விட்டிருப்பே."

"மூணு தரம் போட்டுட்டேன். நீயே பாரேன்." சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்.

கிட்டே போய் வாங்கினால் மறுபடி குளிக்கணும், வண்டி போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயிலில் உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் வகுத்திருக்கலாமே? வகுக்கவில்லை. "மிச்சத்தையும் போட்டு வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். ஒன்று வகுத்துவிட்டால் மிச்சம் எதற்கு என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்காமல் முப்பத்தேழையும் போட்டு முடித்தாள்.

நான்காம் நாள் கல்லூரிக் கணித மன்றத்தில் எழுந்து நின்று, 1234567 பகா எண் என்று அறிவித்தேன். லெக்சரர் சிரித்துக்கொண்டே பகா எண்களைப் பையன்களுக்கு ஆளுக்கு நாலாகப் பிரித்துக் கொடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பொன்னேரிப் பையன் ஒருவன் கத்தினான்.

"சார், 127-ல மீதியே இல்ல சார்!" என் பக்கம் திரும்பி, "இன்னாபா, முழுசா போட்டியா, பாதியிலேயே தூங்கிட்டியா?"

கூட்டமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"அந்தப் பகுதியை நான் போடலை சார்," என்றேன். "எங்க அக்கா போட்டது. எட்டாவதுதான் படிச்சிருக்கா. மீதி வரதுன்னு சொல்லிட்டா."

அவ்வளவு சுலபமாக வந்தது. இப்போது அவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாயங்காலம் அக்கா தலை குளித்து, ஈரக் கூந்தலோடு கூடத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நாரைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்குத்தானே கூட்டம்? நூத்தி இருபத்தேழு என்னாச்சு?"

உண்மையைச் சொன்னால், ஏன் அங்கே அசடு வழிந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

"மீதி வரதாம். 1234567 பகா எண்தான்னு லெக்சரர் சொல்லிட்டார்," என்றேன்.

 அக்கா சிலேட்டை எடுத்து வந்து, என் கண்ணெதிரேயே வகுத்தாள். கடைசி வரியில் பூஜ்யம். அதை வெறித்துப் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் அழித்தாள்.

"எங்கே தப்பு பண்றேன்னே தெரியலடா. அப்பாகிட்ட இப்போ பேசாதே. இன்னும் ஒரு வருஷம் கணக்கு போட்டுப் பழகிக்கறேன்."

சரி என்று தலையாட்டினேன்.